புறாவும் பூச்சியும்

தாதர் கபூத்தர்கானாவை 2025 ஆகஸ்டு மாதம் மும்பை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது. சில நாட்களில் ஒரு கூட்டம் திரண்டு வந்து தார்ப்பாயைக் கிழித்தது. விவகாரம் ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே, காலை 7 மணி முதல் 9 மணி வரை மட்டும் தீனி போடுவதற்கு நான்கு இடங்கள் குறித்துக் கொடுக்கப்பட்டன.

இந்த அமளிக்கு நடுவே மக்கள் மனதில் ஒரு பீதி புகுந்திருக்கிறது. புறாவின் உடம்பில் உள்ள பூச்சி மனிதன் மேல் ஏறிவிடும், ரத்தத்தில் நோய் கலந்துவிடும் என்று பேசிக் கொள்கிறார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் அண்டாப்ஹில்லிலும் ஜன்னலுக்கு ஜன்னல் புறா உட்காருகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

புறாவுக்கென்றே ஓர் ஈ உண்டு. தட்டையான உடம்பு, பழுப்பு நிறம். இறகுக்குள் புகுந்து ஓடி, ரத்தம் குடிக்கும். மற்ற ஈக்களைப் போல இது முட்டை இடுவதில்லை. புழுவை வயிற்றிலேயே வளர்த்து, கூட்டில் கொண்டு போய்ப் போடும். மலேரியாக் கிருமிக்குப் பங்காளியான ஹீமோபுரோட்டியஸ் என்ற கிருமியைப் புறாவுக்குப் புறா பரப்புவது இந்த ஈதான். அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் 1906-லேயே இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அந்தக் கிருமி மனிதனுக்கு வராது. ஈ கடித்தால் வலிக்கும், தடிக்கும், அவ்வளவுதான். மனிதனுக்கு மலேரியா கொண்டு வருவது அனாபிலிஸ் கொசு. மாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போட்டுவிட்டு, காய்ச்சலுக்குப் பயந்து புறாவை விரட்டுவது வீண் வேலை. (கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்தே நிரூபித்தார். அந்த வகையில் பறவைக்கு மனிதன் கடன்பட்டிருக்கிறான்.)

புறாவின் தொண்டையில் மஞ்சள் புண் உண்டாக்கும் கிருமி, குடலில் வாழும் புழுக்கள், இறகைத் தின்னும் பேன் ஆகியவையும் புறாவோடு நிற்பவை. மனிதனைப் பிடிப்பதில்லை.

பிடிப்பது செள். கிராமத்தில் கோழிக்கூட்டுக்குள் கைவிட்டவர்களுக்கு இது தெரியும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு பூச்சி. பகலில் சுவர் வெடிப்பிலும் கூட்டுக் குச்சிகளிலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பசித்தால் சாம்பல் நிறம், குடித்தால் சிவப்பு. குஞ்சுகள் பறந்து, கூடு காலியானதும் இதற்கு இரை போய்விடுகிறது. அப்போதுதான் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. படுக்கையில் ஒன்றும் தென்படாது. உடம்பு மட்டும் அரிக்கும். மூட்டைப்பூச்சி என்று நினைத்துக் கட்டிலுக்கு மருந்து அடித்துக் கொண்டிருப்பார்கள். இரையில்லாமலே பல மாதம் உயிரோடு கிடக்கக் கூடிய பூச்சி இது.

ஆகவே, புறா போய்விட்டது என்று பழைய கூட்டை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. முட்டை பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க ஒரு மாதம். அதுவரை பொறுக்கலாம். பறந்த அன்றே கூட்டை எடுத்து, இடத்தைக் கழுவி, வலை அடித்துவிட வேண்டும்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய ஆபத்து பூச்சி அல்ல, எச்சம். காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் நாள்தோறும் மூச்சில் போனால், சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகிறது. வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல், உடம்பு இளைத்தல். நாளாக ஆக நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டு விடுகிறது. பிறகு அதைப் பழையபடி ஆக்க முடியாது. எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சலைக் கொடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்வதோடு, வீட்டு ஜன்னலில் புறா கூடு கட்டியிருப்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

உயிர்களிடம் இரக்கம் காட்டித் தீனி போடுகிறவர்களின் மனதைக் குறை சொல்வதற்கில்லை. தாதர் கபூத்தர்கானா 1933-ல் அந்த எண்ணத்தோடு எழும்பியதுதான். ஆனால் மூட்டை மூட்டையாகச் சோளமும் கடலையும் கொட்டினால், ஆயிரக்கணக்கான புறாக்கள் எச்சத்தின் மேலேயே நின்று தின்கின்றன. ஒன்றின் புழுவும் நோயும் எல்லாவற்றுக்கும் பரவுகின்றன. அது புறாவுக்கும் நன்மை அல்ல. தீனி போட்டவர் காரில் ஏறிப் போய்விடுகிறார். வயிறு நிரம்பிய புறா, பக்கத்துச் சால் கட்டிடத்தின் வென்டிலேட்டரில் வந்து அடைகிறது. ஒரே நாளில் தார்ப்பாய் போட்டு மூடினாலும் அது அங்கேதான் வந்து அடையும். தீனியைப் படிப்படியாகக் குறைப்பதும், சுற்றியுள்ள பழைய கட்டிடங்களுக்கு வலை போடுவதும் சேர்ந்து நடக்க வேண்டும். வாடகை வாங்குகிற கட்டிடச் சொந்தக்காரர்கள் வலைச் செலவைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக, அந்த எச்சத்தைச் சுரண்டுகிற கைகள் யாருடையவை? ஒப்பந்தக் கூலிக்கு வரும் துப்புரவுத் தொழிலாளர்களுடையவை. அவர்களில் தமிழர்களும் உண்டு. வாயில் ஒரு துண்டைக் கட்டிக் கொண்டு, காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள். எழும்பும் தூசு முழுவதும் அவர்கள் நெஞ்சுக்குள் போகிறது. தண்ணீர் தெளித்து ஊறவைத்த பிறகே எச்சத்தை அள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். துணி அல்ல, தூசு வடிகட்டும் முகமூடியும் கையுறையும் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கூலியில் பிடிக்காமல் கொடுக்க வேண்டும்.