பூவுக்கும் தீவுக்கும் 'போகன்வில்' பெயர் வந்தது எப்படி?

நம்மூர் மதில் சுவர்களில் படர்ந்து கிடக்கும் காகிதப்பூவின் இன்னொரு பெயர் போகன்வில்லா. பசிபிக்கில், பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த ஒரு தீவின் பெயர் போகன்வில். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்: பிரெஞ்சுக் கடலோடி லூயி அந்துவான் த போகன்வில். 1766-ல் உலகைச் சுற்றக் கிளம்பியவர், 1768-ல் அந்தத் தீவின் கரையோரமாகக் கப்பலில் போனார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கிச்சு.

பூவின் கதை இன்னும் வேடிக்கை. அதே பயணத்தில் பிரேசிலில் அந்தச் செடியைச் சேகரித்தவர் தாவரவியலாளர் கொம்மெர்சன். அவருடைய உதவியாளர், ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே. உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக அறியப்படுபவர். செடியைப் பறித்ததே அவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனா பேரு என்னவோ பயணத் தலைவருக்கு! பாரே பெயரில் ஒரு செடி வர 2012 ஆகிவிட்டது.

தீவின் கதையில் வேடிக்கை இல்லை. பங்குனா செம்புச் சுரங்கத் தகராறு 1988-ல் உள்நாட்டுப் போராக வெடித்து, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2019 வாக்கெடுப்பில் சுமார் 98 சதவீதம் பேர் தனிநாடு கேட்டார்கள். ஆனால் அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. பப்புவா நியூ கினியா நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை தெளிவான தீர்ப்பை இழுத்தடிப்பது நியாயமே இல்லை. நாடு கிடைத்த பிறகும் அந்தக் கடலோடியின் பெயர் வேண்டுமா என்பதை அந்த மக்களே பேசி முடிவெடுக்கட்டும்.