செவிவழித் தமிழும் மன அகராதியும்

மனம் சொற்களை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதை அறிய உளமொழியியலார் பெரிதும் நம்புவது திரையில் எழுத்தைக் காட்டும் சோதனைகளை. ‘இது சொல்லா, இல்லையா’ என்று கேட்டு, விசையை அழுத்த ஆகும் நேரத்தை அளப்பது அவற்றில் முதன்மையானது. தமிழில் இது எழுத்து வழக்கைத்தான் அளக்கிறது. ஒருவர் பேசுவது ‘வந்துட்டா’. திரையில் வருவது ‘வந்துவிட்டாள்’. பள்ளியில் கற்ற வடிவத்துக்குக் கிடைத்த நேரத்தைப் பேச்சின் அமைப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. எழுத்தறியாத மூத்தவர்களோ சோதனைக்குள்ளேயே வருவதில்லை.

1980இல் உளமொழியியலார் குரோஷான் வகுத்த கேட்டிங் முறை இந்தத் தடையைக் கடக்கிறது. பதிவான சொல்லின் தொடக்கத்தை மட்டும் முதலில் ஒலிக்கவிட்டு, பிறகு சிறிது சிறிதாக நீட்டி, ஒவ்வொரு முறையும் என்ன சொல் என்று கேட்பார்கள். வாயால் விடை சொன்னால் போதும். அதிதி லாகிரியும் மார்ஸ்லென்-வில்சனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் வங்க மொழியில் இதைச் செய்தனர். அங்கே வெள்ளத்தைக் குறிக்கும் ‘பான்’ என்ற சொல்லில் உயிர் மூக்கொலி பெறுவது பின்வரும் மெய்யால். அணையைக் குறிக்கும் சொல்லில் அது உயிரின் சொந்தப் பண்பு. மெய் வருமுன் வெட்டிய ‘பான்’ வகைச் சொற்களைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அணை வகைச் சொற்களையே சொன்னார்கள். சூழலால் வந்த மூக்கொலி மன அகராதியில் பதிவதில்லை என்பது அவர்கள் முடிவு.

தமிழ்ப் பேச்சில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ‘அவன்’ என்பதன் ஈற்று மெய் தேய்ந்து உயிர் மூக்கொலியாகிறது. ‘அவள்’ என்பது ‘அவ’ ஆகிறது. ஆண்பாலையும் பெண்பாலையும் பிரிப்பது பெரும்பாலும் அந்த மூக்கொலிதான். ஆனால் ‘அவனுக்கு’ என்றதும் மெய் திரும்பி வந்துவிடுகிறது. மனத்தில் இருப்பது மெய்யா, மூக்குயிரா? ஓரசைச் சொற்களில் மெய் பொதுவாகத் தேய்வதில்லை. உகரம் ஏறுகிறது: தேனு, தேளு, தேரு. மூன்றையும் ‘தே’ அளவில் வெட்டிக் கேட்பித்து, ‘தேளு’விலிருந்து வெட்டியதற்கும் ‘தேனு’ என்ற விடை வருகிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். வந்தால், ‘தேனு’வில் உயிரின் மூக்கொலி மனத்தில் பதியவில்லை என்று கொள்ளலாம். ‘அவ’ தானே முழுச்சொல்லாக நிற்பதால் ‘அவன்’–‘அவள்’ இணையில் விடைகள் பெண்பால் பக்கம் சாயும். அதை மட்டும் நம்பக் கூடாது.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மடிக்கணினி, நல்ல ஹெட்போன், ஒலியை வெட்ட பிராட் மென்பொருள், மின்விசிறி நிறுத்திய ஓர் அறை போதும். குரல் கொடுப்பவர் கேட்பவர்களின் வட்டாரத்தவராக இருக்க வேண்டும். சொற்பட்டியலை வாசிக்கச் சொன்னால் எழுத்து வழக்கு தலைகாட்டும், ஆகவே படம் காட்டிப் பேசவைத்தே பதிவு செய்ய வேண்டும்.