மணி அடிக்கத் தெரிகிறது, கேட்கத் தெரியவில்லை

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் பிறந்த எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. திருச்செந்தூரில் முருகனுக்கு உச்சிக்கால பூசை முடிந்த பிறகுதான் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவாராம். சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? வழிநெடுக மணி மண்டபங்கள். கோயில் மணி அடித்ததும் முதல் மண்டபத்துக்காரர் அடிப்பார். அது காதில் விழுந்ததும் அடுத்தவர் அடிப்பார். அப்படியே கோட்டை வரை வந்து சேரும்.

எங்க தாத்தா இதைக் கட்டபொம்மனின் பக்திக்கு உதாரணமாகத்தான் சொல்வார். இன்ஜினியரிங்கில் நெட்வொர்க் படித்த பிறகு, எனக்கு நடுவில் இருந்த மண்டபத்துக்காரர்கள் மேல்தான் மரியாதை வந்தது. அவர்கள் வேலையில் முக்கால்வாசி மணி அடிப்பது அல்ல, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கேட்காமலேயே ஒருத்தர் அடித்துவிட்டால், சாமிக்கு முன்னால் ராசா சாப்பிட்டுவிடுவார்.

நம் தொண்டு நிறுவனங்களின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்தால் எல்லா மண்டபத்திலும் ஓயாமல் மணி அடிக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை வெளியில் நின்று சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையின் பக்கங்களை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்வது நான்தான். முதல் குற்றவாளியும் நான்தான்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, டவர் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. நான் சென்னையில் லேப்டாப் முன்னால். ஏரல் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஆச்சி ஒருவரும் பேத்தியும் மாட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் போட்டு, சிவப்பு எழுத்தில் ஒரு போஸ்டர் செய்து எல்லா குரூப்பிலும் தள்ளினேன். இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பகிர்ந்தார்கள். எனக்குள் ஒரு பெருமிதம், பொய் சொல்ல மாட்டேன்.

அன்று மதியமே பக்கத்துத் தெருப் பையன்கள் படகு கொண்டுவந்து அவர்களை மீட்டுவிட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருத்தனும் என் போஸ்டரைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் போஸ்டர் நான்கு நாள் சுற்றியது. தண்ணீர் வடிந்த பிறகு நேரில் போனபோது ஆச்சி சொன்னது இது: “எய்யா, ஊரு உலகத்துல இருந்தெல்லாம் போனு. பத்திரமா இருக்கீங்களான்னு கேக்காவ. சொல்லிச் சொல்லியே சார்ஜு தீந்துட்டு. எம்மவன் துபாய்ல இருந்து ரெண்டு நாளா அடிச்சிருக்கான், போகல. செத்துட்டோம்னே நெனச்சிட்டான்.”

அக்கறையால்தான் எல்லோரும் போன் செய்தார்கள். அந்த அக்கறைக்கு நம்பரைக் கொடுத்தவன் நான். மீட்டாயிற்று என்ற செய்தியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்காமல் அடித்த மணி.

எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் ஒரு டிக்கெட் திறந்தால் அது யாராவது ஒருத்தர் பெயரில் இருக்கும். மூடும்வரை அவரை விட மாட்டார்கள். அலுவலகத்தில் ஒரு பட்டன் நிறம் மாறியதற்கே இத்தனை ஒழுங்கு பார்க்கிற நான், ஓர் ஆச்சியின் உயிர் விஷயத்தில் டிக்கெட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

இதைச் சொன்னால் அறக்கட்டளைக்காரர்கள் உடனே ரீச்சைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் அண்ணாச்சி ஒருத்தர் நேரடியாகவே கேட்டார்: “தம்பி, படம் போடலன்னா எவன் காசு தருவான்?” நியாயமான கேள்விதான். 2014 ஐஸ் பக்கெட் சவாலில் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் ட்விட்டர் இல்லாமல் எத்தனையோ பேருக்குச் சோறும் இடமும் கிடைத்திருக்காது. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் ஏற்கெனவே ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அமைப்பின் கைக்குப் போனது. சென்னையில் ஹேஷ்டேகுக்குப் பின்னால், கூகுள் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுச் சரிபார்த்த தன்னார்வலர்கள் இருந்தார்கள். நாம் ஹேஷ்டேகை மட்டும் கற்றுக்கொண்டு ஷீட்டை மறந்துவிட்டோம்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்புப் பையன் ஒருத்தன் நோட்டு வாங்கும் படத்தை நான் போட்டேன். நல்ல படம், நிறைய லைக். அடுத்த வாரம் அவன் வரவில்லை. விசாரித்தால், பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை வைத்தே அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இருபது ரூபாய் நோட்டுக்கு அவன் கொடுத்த விலை அது. தமிழில் ‘கேள்’ என்றால் காதால் கேட்பதும்தான், வாயால் கேட்பதும்தான். ‘தம்பி, படம் போடட்டுமா?’ என்று நான் இரண்டாவதைச் செய்யவில்லை. அதனால் முதலாவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் தூத்துக்குடிக்காரனாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்கள் எதுவும் நம்முடையவை அல்ல. 2018 ஜனவரியில் முகநூல், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. அமைப்புகளின் பக்கங்கள் பின்னால் போயின. அதே வருடம் மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். ஊருக்கு நாம் மிகவும் தேவைப்பட்ட நாட்களில் ஒரு ஃபாலோயரும் கைக்கு எட்டவில்லை. யாரிடம் ஒரு நோட்டில் போன் நம்பர்கள் இருந்தனவோ, அவர்கள்தான் வேலை செய்தார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். உதவி கேட்கும் பதிவில் தேதி, நேரம் கட்டாயம். பாதிக்கப்பட்டவர் நம்பரைப் போடுவதில்லை, அமைப்பின் நம்பர்தான். ஃபார்வர்டான போஸ்டரை யாராலும் திருத்த முடியாது என்பதால், விவரம் எல்லாம் ஒரே இணைப்பில். தேவை முடிந்ததும் அதே இடத்தில் முதல் வரியாக ‘முடிந்தது’. பதிவு போட்டவரேதான் அதை எழுத வேண்டும். முகம் தெரியும் படம் இல்லை. முக்கியமான ஐம்பது பேரின் நம்பர் காகிதத்தில். இதில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், பைசா செலவும் இல்லை.

இதனால் எங்கள் ரீச் குறைந்துவிட்டது, உண்மை. அண்ணாச்சிக்கு இன்னும் கோபம்தான். ஆனால் ‘முடிந்தது’ என்று போட்ட பதிவுகளைப் பார்த்துத் திரும்பவும் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் லைக் போடுவதில்லை.

நீங்களும் ஏதாவது ஓர் அமைப்பில் இருப்பீர்கள், இல்லையென்றால் பணமாவது அனுப்புவீர்கள். அதன் பக்கத்தை இப்போதே திறந்து, கடைசியாக உதவி கேட்டுப் போட்ட பதிவைப் பாருங்கள். அந்த ஆள் என்ன ஆனார் என்று அதன் கீழே யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.