விசில் அடித்தால் காதைப் பொத்துகிறான்!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் தன் ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "வாம்மா, உட்கார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான்! பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அலறியபடியே சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான்.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி" என்றாள் அவள். கண்ணில் ஜலம் தளும்பியது. "பள்ளிக்கூடத்திலேயும் இப்படித்தான். மணி அடிச்சா கத்திண்டு வெளியே ஓடறான். நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டா. டாக்டர் ஆட்டிசம்னு எழுதிக் கொடுத்திருக்கார். எங்காத்து மாமியாரோ, 'நீ வேலைக்குப் போய்க் குழந்தையைக் கவனிக்காம விட்டதாலே வந்த வினை'ங்கறா. நான் என்ன மாமி பண்ணுவேன்?"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவளிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் சகோதரிகள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அடுத்த வீட்டிலோ, உங்கள் குழந்தையின் வகுப்பிலோ இருக்கலாம் அல்லவா?

முதலில் அந்தப் பழியைப் பார்ப்போம். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர், தாம் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆட்டிசம் என்ற நிலை வைத்திய உலகத்தின் கவனத்துக்கு வந்தது. ஆனால் 1950-களிலும் 1960-களிலும் மேல்நாட்டுப் பண்டிதர்கள் பலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாயின் மனத்தில் பாசம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்றார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பட்டமும் கட்டிவிட்டார்கள்! எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு நொந்து போயிருப்பார்கள்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனோதத்துவ அறிஞரின் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. இது மூளையைச் சேர்ந்த விஷயம், வளர்ப்பைச் சேர்ந்ததல்ல என்று அவர் 1964-இல் புத்தகம் எழுதி வாதாடினார். அவர் சொன்னதே சரி என்று இன்று ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்கின்றன. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு வீண் பழி தடுப்பூசியின் மேல் விழுந்தது. 1998-இல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரை வந்தது. 2010-இல் அந்தப் பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே ஊசியையும் குற்றம் சொல்ல வேண்டாம். தாயையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

சரி, பையன் ஏன் அலறினான்? நமக்கு விசில் என்றால் வெறும் சத்தம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அது காதில் ஊசி குத்துவது போல இருக்கும். சிலருக்குச் சட்டையின் கழுத்துப் பட்டை உறுத்தும்; சிலருக்கு ரசம் சாதத்தின் குழைவு ஒத்துக்கொள்ளாது. எது எப்போது வரும் என்று தெரியாவிட்டால் பயம் இன்னும் பெருகும். 'இது வலிக்கிறது' என்று சொல்ல வார்த்தை வராததால் அலறுகிறான், ஓடுகிறான். அதைப் பார்த்து நாம் பிடிவாதம் என்கிறோம். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். கேட்டதைக் கொடுத்தால் நிறுத்திவிடும். இந்த அலறல் அப்படியல்ல. அடித்தாலும் நிற்காது, மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது. சத்தம் இல்லாத இடத்தில் சற்று நேரம் இருந்தால்தான் அடங்கும்.

"அதனால் அவன் அலறும்போது திட்டாதே. எதனால் அலறினான் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வா" என்றேன். பத்து நாளில் அவளுக்கே விளங்கிவிட்டது. குக்கர், மிக்ஸி, பள்ளிக்கூட மணி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும் வெளிப் பயணம் என்ற நான்குதான் பெரிய காரணங்கள்!

காரணம் தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்த மாதிரி. வீட்டில் அவள் செய்ததைக் கேளுங்கள். பழைய காலண்டர் அட்டையில் பல் தேய்ப்பது, குளிப்பது, இட்லி சாப்பிடுவது, பள்ளிக்கூடம், ஊஞ்சல், தூக்கம் என்று சின்னச் சின்னப் படங்களை வரிசையாக ஒட்டிச் சுவரில் மாட்டினாள். ஒவ்வொன்று முடிந்ததும் பையனே அந்தப் படத்தை எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். அடுத்தது என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் பயம் குறைந்தது.

இது என் யோசனை அல்ல. அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஷாப்ளர் 1972 முதல் அந்த மாநிலம் முழுவதும் நடத்திய 'டீச்' என்ற திட்டம், இப்படிக் கண்ணால் பார்த்துக் கற்கும் வழிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிற்று. பழி சுமந்த பெற்றோர்களையே உடன் இருந்து கற்றுக்கொடுப்பவர்களாக அது சேர்த்துக்கொண்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பேச்சையும் அவள் சுருக்கிக்கொண்டாள். 'ஓடாதே' என்பதற்குப் பதில் 'நட' என்றாள். 'முதலில் குளியல், அப்புறம் ஊஞ்சல்' என்று இரண்டே விஷயம். சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருப்பாள். அவன் காதில் விழுந்தது புத்தியில் பதியச் சற்று அவகாசம் வேண்டும். நாமோ அதற்குள் மூன்று தடவை கத்திவிடுகிறோம்!

பையனுக்கு மாநகரப் பஸ் நம்பர்கள் என்றால் உயிர். அந்த நம்பர்களை வைத்தே கூட்டல் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைக்கு எதில் ஆசையோ, அதுதான் அதன் படிப்புக்கு வாசல்.

பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. ஆட்டிசமும் அதில் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ இப்படிப்பட்ட குழந்தையைப் பாரபட்சம் காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனாள். ஆனால் சண்டைக்குப் போகவில்லை. ஒரு காகிதத்தில் நாலே வரி எழுதிக்கொண்டு போனாள். 'மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பு அவனிடம் சொல்லுங்கள். மணிக்குத் தூரமான இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு கட்டளை போதும். முடிந்தால் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தாங்க முடியாதபோது போய் உட்கார ஒரு மூலை கொடுங்கள்.'

வகுப்பு டீச்சர் நல்ல மாதிரி. "இவ்வளவுதானா? இது முன்னாலேயே தெரியாமல் போச்சே!" என்றாராம். தலைமை ஆசிரியையிடம் பேசி, ஒரு மாதம் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கினார். மணி அடிக்கும் ஆயாவின் பக்கத்தில் பையனைத் தினமும் ஒரு தடவை, அவன் இஷ்டப்பட்ட தூரத்தில், நிற்க வைத்தார். மணி யார் அடிக்கிறார்கள், எப்போது அடிக்கிறார்கள் என்று அவன் பார்த்துக்கொண்டான். இன்றும் காதைப் பொத்திக்கொள்கிறான். ஆனால் ஓடுவதில்லை. ஒரு மாதம் நாலு மாதமாகி, இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறான்.

எல்லாக் குழந்தைக்கும் இதே வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் பேசவே மாட்டார்கள். படத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். சிலருக்குச் சிறப்புப் பள்ளி தேவைப்படும். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி எல்லாம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால், 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று காத்திராமல் குழந்தை வைத்தியரிடம் போங்கள். காது கேட்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆறு மாதத்தில் அடியோடு குணமாக்குகிறோம், ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மட்டும் நகையை விற்றுப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கடையிலோ கல்யாண வீட்டிலோ ஒரு பிள்ளை அலறும்போது, 'என்ன வளர்த்திருக்கிறாள்!' என்று சொல்ல நாக்கு துடிக்கும். அந்தத் தாய் அதை நூறு தடவை கேட்டிருப்பாள். 'நான் ஏதாவது உதவட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். அவள் மாமியாரும் இப்போது சாயங்காலம் ஒரு மணி நேரம் பேரனை ஊஞ்சலுக்கு அழைத்துப் போகிறார். மருமகள் அந்த ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்கிறாள்.

பையன் நேற்றும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். "கண்ணா, குக்கர் மூணு விசில் அடிக்கப் போறது" என்றேன். மேஜைக்கு அடியில் போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு நின்றான். மூன்றாவது விசில் அடங்கியதும் கையை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "மூணு. ஆச்சு" என்றான்.

அவன் தானாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.