20 வரியில் வீட்டுக்கு ஒரு சாட் ரூம்!

ஃபேமிலி குரூப்பில் சித்தப்பா போடும் 'குட் மார்னிங்' உங்கள் போனுக்கு நேராக வருவதில்லை. நடுவில் ஒரு சர்வர் அதை வாங்கி எல்லோருக்கும் பிரித்து அனுப்புகிறது. அந்த நடு ஆளை நாமே செய்து பார்க்கலாமா? ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

லேப்டாப்பில் நோட்.ஜே.எஸ். வேண்டும். ரியான் டால் 2009-ல் வெளியிட்டது, இலவசம். அதோடு வரும் 'நெட்' என்ற மாட்யூலே போதும்.

முதலில் ஒரு காலிப் பட்டியல். யாராவது கனெக்ட் ஆனால் அவருடைய 'சாக்கெட்' அதில் சேரும். சாக்கெட் என்பதை அவருக்கும் சர்வருக்கும் இடையிலான போன் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைனில் வருவதை மற்ற எல்லா லைனிலும் எழுத வேண்டும், அவ்வளவுதான். 9000 போல ஒரு போர்ட் எண்ணில் சர்வரை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருப்பவர்கள் உங்கள் லேப்டாப்பின் ஐ.பி. முகவரியையும் அந்த எண்ணையும் கொடுத்து 'டெல்நெட்' அல்லது 'நெட்கேட்' வழியாக உள்ளே வரலாம்.

வருபவர்களைச் சேர்ப்பது சுலபம். போகிறவர்களைக் கவனிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லைன் மூடியதும் அந்த சாக்கெட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 'எரர்' என்ற நிகழ்வுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். இல்லாவிட்டால், ஒருவருடைய இணைப்பு பாதியில் அறுந்தாலும் மொத்த சர்வரும் படுத்துவிடும்!

தமிழில் சாட் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். யு.டி.எஃப்-8 முறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட். 'கா' என்றால் 6. நெட்வொர்க் எந்த இடத்தில் துண்டு போடும் என்று சொல்ல முடியாது. எழுத்தின் நடுவில் வெட்டினால் திரையில் கேள்விக்குறிதான் வரும். சாக்கெட்டில் 'செட் என்கோடிங்' கொடுத்துவிட்டால் மீதி பைட் வரும்வரை அது காத்திருக்கும்.

எல்லாம் ஓடியதும், வரும் மெசேஜை உங்கள் திரையில் அச்சிட ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அத்தனை பேர் பேசுவதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் படிப்பது அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கும். 2016-ல் வாட்ஸ்அப் எல்லோருக்கும் கொண்டுவந்த எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இதற்காகத்தான். பூட்டும் சாவியும் இரு முனை போன்களில் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ள சர்வருக்குத் தெரிவது புரியாத எழுத்துக் குவியல்.

நம் 20 வரியில் அந்தப் பூட்டு இல்லை. வீட்டு வைஃபையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓ.டி.பி., பாஸ்வேர்டு எதுவும் அதில் வேண்டாம்.

அடுத்த வாரம்: இதே சாட்டை பிரவுசருக்குக் கொண்டுவரும் வெப்சாக்கெட்.