சுவிட்சுக்கும் வேண்டும் வாசற்காவல்

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. சாணார்பட்டி போன்ற ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களின் அலுவலகங்களுக்கும் இதில் பாடம் உண்டு. இ-சேவை கணினி 443 என்ற போர்ட் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) வழியே இணையதளத்தை எட்டினால் போதும். கணக்குப் பிரிவின் கோப்புப் பகிர்வுக்கான 445-ஐத் தொட அதற்கு என்ன வேலை? 2017-இல் வான்னாக்ரை என்ற, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அந்த 445 வழியாகத்தான். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் எழுதும் அனுமதிப் பட்டியல் இத்தகைய பரவலைத் தடுக்கும். அது மேலிருந்து கீழாக வாசிக்கப்படும்; முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. ‘எல்லாவற்றையும் விடு’ என்ற வரி உச்சியில் இருந்தால், கீழுள்ள தடைகள் வெறும் அலங்காரம்.

ஃபயர்வால் இருக்கிறதே என்பார்கள். அது தெருவாசல் காவல். பென்டிரைவில் வந்த வைரஸ் அறைக்கு அறை தாவும்போது அந்த வாசலைக் கடப்பதே இல்லை. பட்டியலால் வேலை முடங்கும் என்ற அச்சம் நியாயமானது: பல சுவிட்சுகளில் பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத தடை ஒன்று உண்டு. பெயர்த்தேடலுக்கான 53-ஐ அனுமதிக்க மறந்தால், ‘நெட் இல்லை’ என்ற புகார்தான் மிஞ்சும். அதற்காகப் பட்டியலையே கைவிடுவதா? எந்தக் கணினி எங்கே பேசுகிறது என்று சில நாள் கவனித்து, பிறகு பூட்டலாம். பட்டியலை ஏற்கும் சுவிட்ச் ஏற்கெனவே இருந்தால், செலவாவது உழைப்பு மட்டுமே. இணையத்துக்கான கண்ணாடி இழைக் கேபிள் கிராமத்துக்கு வரும்போது, பூட்டும் கூடவே வரட்டும்.