கரடு என்னும் சொல்



மேடுபள்ளமான பாறை நிலத்தை ஆங்கிலத்தில் 'ரக்கட்' என்பர். ஸ்காண்டிநேவிய மொழியினின்று வந்ததாகக் கருதப்படும் இச்சொல், முதலில் சடைபிடித்த உரோமத்தையே குறித்தது. தரைவிரிப்பாகிய 'ரக்' அதன் உறவு. நிலத்திற்கு ஆகிவந்தது பின்னரே.

நமது 'கரடு', 'கரடுமுரடு' என்னுமிடத்துப் பண்பைக் குறிக்கும். சேலம், நாமக்கல் உழவர் பேச்சிலோ அது ஓர் இடத்தின் பெயர்: மரம் குறைந்து பாறை மிகுந்த சிறு குன்று. அங்கே ஆடுகள் மேயும். மழைநீர் வழிந்து ஏரி குளங்களைச் சேரும். ஏர் ஓடாத நிலமாயிற்றே என்று அதனை ஜல்லிக்காக உடைக்கிறோம். உடைத்த கரடு மீண்டும் வளராது. அதனைக் கண்டிராத பிள்ளைக்கு அச்சொல்லின் பொருளை அகராதியே கூற வேண்டியிருக்கும். ஆகவே பெற்றோரே, பிள்ளைகளை ஒருநாள் அருகிலுள்ள கரட்டுக்கு அழைத்துச் சென்று, அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.